சீதாப்பழத்துக்குப் பெருக்கல் குறி: வட ஆற்காட்டு அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பள்ளிகளில் அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும், ஒன்பதாம் வகுப்புக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஆசிரியை இல்லை. 29 ஆண்டுகள் பள்ளி உயிரியல் ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவி, தண்டு சீவி, சாயம் கலக்கி, செய்முறைத் தேர்வு நாளில் வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்குத் தேநீரும் வாங்கிவைத்து ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர். பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கொண்டுவந்த விடைத்தாள்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

திசுக்கள் பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி. கல் செல்கள், அதாவது சுவர் தடித்துக் கெட்டியான செல்கள், காணப்படும் கனி ஒன்றின் பெயர் எழுத வேண்டும். அவள் எழுதியது சீதாப்பழம். அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. பக்கத்தில் பேரிக்காய் என்று திருத்தம். அவள் போய்க் கேட்டிருக்கிறாள். கைடில் அந்தப் பெயர் இல்லை என்று பதில் வந்ததாம். எந்தப் பள்ளி, யார் திருத்தியது என்பதெல்லாம் வேண்டாம். ஒருவர் செய்த தவறாக இருந்தால் நேரில் போய்ப் பேசியிருப்பேன். இது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது என்பதால்தான் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

பேரிக்காய் நமக்கு லாரியில் வந்து இறங்கும் பழம். சீதாப்பழம் அப்படி இல்லை. ஆவணி பிறந்துவிட்டால் மலையடிவாரத்துப் பெண்கள் கூடையில் கொண்டுவந்து பஸ் நிலைய வாசலில் குவித்துவிடுவார்கள். கொட்டையைச் சுற்றியுள்ள சதை வழவழவென்று இறங்கும். தோலை ஒட்டிய சதையை நாக்கால் வழித்துப் பாருங்கள், ஆற்று மணலைக் கலந்ததுபோல நறநறக்கும். அந்த நறநறப்புத்தான் கல் செல். என் பேத்தி அதைப் படித்து எழுதவில்லை, கடித்து எழுதினாள்.

அன்று மாலையே அந்த நறநறப்பில் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். அதை நடத்துகிறவன் ஒரு காலத்தில் என் ஆய்வகத்தில் நிறைய சோதனைக் குழாய்களை உடைத்தவன். அந்த நன்றிக்கடன் இருக்கிறது. ஓய்வுபெறும்போது ஒரு சின்னப் புட்டி சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் வாங்கி வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடி இருக்கிற இடத்தில் என் வீட்டில் அது இருக்கிறது. ஸ்லைடில் நசுக்கி, ஒரு சொட்டுச் சாயம் விட்டுக் கழுவி, கவர் ஸ்லிப் வைத்துப் பார்த்தோம். சிவப்புக் கூழாங்கற்களை அள்ளிக் குவித்ததுபோல இருந்தது. ஒவ்வொரு செல்லுக்கும் சுவர்தான் முக்கால்வாசி. நடுவில் உயிர் இருந்த இடம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு நாலாபக்கமும் மெல்லிய கால்வாய்கள். பேத்தி கண்ணை எடுக்கவில்லை. பின்னால் ரத்த சர்க்கரை பார்க்க வந்த பெரியவர், "என்னம்மா, குழந்தைக்கு என்ன வியாதி?" என்று கவலையோடு விசாரித்தார்.

இதில் எனக்கு வருத்தம் ஒரு மதிப்பெண் பற்றியது இல்லை. இந்த மூன்று மாவட்டங்களில் வளரும் பிள்ளைக்குத் திசுக்கள் பாடம் பாதிக்குமேல் ஏற்கனவே தெரியும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதன் கையிலும் வாயிலும் வீட்டுத் திண்ணையிலும் அது இருக்கிறது. பெயர் மட்டும் தெரியாது. நாம் என்ன செய்கிறோம் என்றால், பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, தெரிந்ததை மறக்கச் சொல்கிறோம்.

முதலில் அலமாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது என் துறை. நான் வேலை பார்த்த இடத்தில் நுண்ணோக்கிகள் இரும்பு அலமாரிக்குள் உறைபோட்டுப் பூட்டியிருக்கும். சாவி தலைமையாசிரியர் அறையில். ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் முந்தின நாள் வெளியே எடுத்துத் துடைத்து வரிசையாக வைப்போம். வந்தவர் எண்ணிப் பார்ப்பார், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், மறுபடி உள்ளே போகும். லென்ஸில் பூஞ்சை பிடித்தது பிள்ளைகள் தொட்டதால் இல்லை, தொடாததால். மேல்நிலை வகுப்பாருக்காவது செய்முறைத் தேர்வு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த அறை எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாது. இடையில் ஓர் ஆசிரியை வந்தார். அவர் போன பிறகும் அவர் பெயரைச் சொல்லித்தான் சாவி கேட்போம். இருந்தவரை அவர் சாவியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அந்த நான்கு ஆண்டுகள்தான் நான் உண்மையில் வேலை செய்த ஆண்டுகள்.

அவருக்குச் சூரியகாந்தித் தண்டு தேடி அலைவது பிடிக்காது. "துளசி இருக்கிறதே" என்பார். துளசித் தண்டு நாலு மூலை உள்ள சதுரம். இளம் தண்டை விரலுக்கு நடுவில் பிடித்து, புது பிளேடை ஈரமாக்கி, தன்பக்கமாக ஒரே இழுப்பில் சீவ வேண்டும், அறுக்கக் கூடாது. முப்பது சீவல் எடுத்தால் ஒன்றிரண்டு தேறும். வாட்ச் கிளாஸில் தண்ணீரில் மிதக்கும்போதே தெரிந்துவிடும், நல்ல சீவல் கண்ணுக்கே தெரியாது. அதைப் பிரஷால் ஒற்றி எடுத்து வைத்துப் பார்த்தால் நாலு மூலையிலும் செல்களின் மூலைகள் தடித்து மினுங்கும். அதுதான் இளம் தண்டைத் தாங்கும் திசு, கோலன்கைமா. அங்கேதான் ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்பார். ஒரு பையன் சொன்னான், பந்தலுக்கு நாலு மூலையில்தானே கால் நடுவோம் என்று. கோலன்கைமாவுக்கும், மெல்லிய சுவருள்ள செல்களால் ஆன பாரன்கைமாவுக்கும் ஐந்து வேறுபாடு எழுதச் சொன்னால் அவன் இரண்டுதான் எழுதுவான். ஆனால் காற்றில் வளையவும் வேண்டும், ஒடியவும் கூடாது என்றால் இளம் தண்டு என்ன செய்யும் என்பதை அவன் இந்நேரம் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பான்.

வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துப் போடுகிறோமே அந்த நார், தண்ணீர் ஏறும் சைலக் குழாய்க்குள் இருந்த சுருள் தடிப்பு. இழுத்தால் ஸ்பிரிங்போல நீள்கிறது. கரும்பைக் கடித்தால் சாறு தருவது பாரன்கைமா. துப்பும் சக்கை, நீரும் உணவும் கடத்தும் வாஸ்குலார் கற்றைகளும் அவற்றைப் போர்த்திய நார்களும். ஆடு மேய்ந்துவிட்டுப் போன புல் நுனியில்லாமலும் வளர்கிறதே, அது தண்டின் நடுவில் இருந்து புதுச் செல்களை உண்டாக்கும் இடை ஆக்குத் திசு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமைப்பட்டோம். அந்த முள் வெறும் புறத்தோலின் நீட்சி, உள்ளே நீர்க்குழாய் ஓடாது, அதனால்தான் விரலால் தள்ளினாலே உதிர்கிறது என்று எந்த வகுப்பில் சொன்னோம்? சமையலறை, சந்தை என்று இப்படி எடுத்துக்கொண்டே போகலாம். எல்லா ஊருக்கும் இது பொருந்தும். நமக்கென்றே இருப்பது வேறு. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல் தகராறு. நரம்பு. என் அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். இரவு ஊறவைத்த இலையை விடியற்காலையில் தகர அளவு வைத்துக் கத்தரிப்பார். தடித்த நரம்பு துண்டுக்குள் வந்துவிடக் கூடாது. வந்தால் பீடி கோணும், பிரிந்துகொள்ளும். "நரம்பை ஒதுக்கி வெட்டு" என்று என் கையில் தட்டியிருக்கிறார். அந்த நரம்பு தாவரத்தின் நீர்க்குழாயும் உணவுக்குழாயும் நாரும் சேர்ந்த கட்டு. நர்சம்மா ஊசி போட நரம்பு தேடுகிறார், அது ரத்தக்குழாய். கோழிக்காலில் வெள்ளையாக ஓடுவதையும் நரம்பு என்கிறோம். அது தசையை எலும்போடு கட்டும் தசைநாண், இணைப்புத் திசு. யாழுக்கும் நரம்பு இருந்தது. இத்தனை நரம்பையும் கையில் வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போய், "நரம்புத் திசு என்பது நியூரான்களால் ஆனது" என்று எழுதிப்போட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். அது எந்த நரம்பை நினைத்துக்கொள்ளும்? இது பிள்ளையின் குற்றம் இல்லை. தமிழில் நடத்துகிறோம் என்றால் தமிழ்ச்சொல் பிள்ளையின் மனத்தில் ஏற்கனவே என்ன வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு நடத்த வேண்டும்.

திசு என்ற சொல்லும் அப்படித்தான். ஓட்டலில் கை துடைக்கும் தாள் என்றுதான் பிள்ளைக்குத் தெரியும். அதன் மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்கு நெய்யப்பட்டது என்று பொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இழையம் என்று எழுதுகிறார்கள். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓடும் வீட்டுப் பிள்ளையிடம் இழையம் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பாவும் ஊடையும் தெரிந்த பிள்ளை, ஒரே மாதிரி இழைகள் சேர்ந்து ஒரு துணி, அந்தத் துணிக்கு ஒரு வேலை என்று தானே சொல்லிவிடும். பாடநூல் சொல்லை மாற்றச் சொல்லவில்லை. கரும்பலகையில் பக்கத்தில் எழுதினால் சுண்ணக்கட்டி தேய்ந்துவிடாது.

அந்தச் சொல்லை உடற்கூறியலில் நிலைநாட்டிய பிரெஞ்சு மருத்துவர் ஸாவியே பிஷா பாரிஸில் வேலை செய்தவர். அவருக்கு நுண்ணோக்கிமேல் நம்பிக்கை இல்லை. உடல் பகுதிகளைப் பிரித்தார், ஊறவைத்தார், வேகவைத்தார், உலர்த்தினார், அமிலத்தில் போட்டார். எது எதில் எப்படிக் கரைகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்தே 21 வகைத் திசுக்களை வகுத்தார். 1802இல், 30 வயதில் இறந்துபோனார். இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். ஊறவைப்பது, உரிப்பது, எதில் கரைகிறது என்று பார்ப்பது எல்லாம் என் அப்பா தினமும் செய்த வேலை.

அப்பா பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் பதனிடும் கூடத்தில் சுண்ணாம்புக் குழி ஆள். பள்ளியில் கேட்டால் "கம்பெனியில் வேலை" என்பேன். என்ன கம்பெனி என்று அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன். அவர் விரல் நகங்கள் சுண்ணாம்பில் அரித்து மஞ்சளாக இருக்கும், உள்ளங்கை பிளந்து கிடக்கும், எந்தச் சோப்பு போட்டாலும் அந்த வாசனை போகாது. வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து, அந்த ஆசிரியையின் வகுப்பில் தோலின் குறுக்குவெட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்கு விளங்கியது.

வரிசையாகச் சொல்கிறேன், உங்களில் பலர் இந்த ஊருக்கு மாற்றலில் வந்தவர்கள். உப்புப் போட்டு வரும் ஆட்டுத்தோலை முதலில் தண்ணீரில் ஊறவைத்து உப்பும் அழுக்கும் போக்குவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. சில நாளில் மயிர்க்கால் இளகும். மரக்கட்டைமேல் போட்டு மழுங்கின கத்தியால் தள்ளினால் மயிரும் மேல்தோலும் வழன்று வரும். அந்த மேல்தோல், உடம்பைப் போர்த்தும் எபிதீலியத் திசு. மயிர் அதிலிருந்து முளைத்தது. தோலைத் திருப்பிப்போட்டு உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பு, சவ்வு, கறித்துணுக்கு ஆகியவற்றைக் கூர்க்கத்தியால் சீவுவார்கள். கொழுப்பு அடிப்போஸ் திசு, கறி தசைத் திசு. இரண்டு பக்கமும் போனபின் நடுவில் வெள்ளையாக, வழவழப்பாக, உப்பிப்போய் ஒன்று எஞ்சும். அது டெர்மிஸ். கொல்லாஜன் என்ற புரத இழைகள் திக்குத் திசை தெரியாமல் பின்னிக் கிடக்கும் அடர்ந்த இணைப்புத் திசு. ஆக, தோல் பதனிடுவது என்பது ஒரு விலங்கின் தோலில் இணைப்புத் திசுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாத் திசுவையும் கழிக்கும் வேலை. நம் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை அப்பா குழிக்குள் நின்று செய்துகொண்டிருந்தார்.

அந்த வகுப்பில் ஒரு பையன் ஜன்னல் ஓரத்தில் தனியாக உட்கார்வான். அவன்மேல் தோல் வாசனை வருகிறது என்று மற்றப் பிள்ளைகள் ஒதுக்கிவைத்த இடம் அது. படத்தைக் காட்டி ஆசிரியை கேட்டார், இதில் எந்த அடுக்கு முக்கியம் என்று. யாரும் வாய் திறக்கவில்லை. அவன் எழுந்து, "மேலே இருப்பது மயிர்த்தோல், அதை எடுத்துவிடுவார்கள். அடியில் கொழுப்பு, அதையும் எடுத்துவிடுவார்கள். நடுவில் இருப்பதுதான் டீச்சர் காசு" என்றான். வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. அவனைப் பலகைக்குக் கூப்பிட்டு, குழியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். அரைமணி நேரம் பேசினான். டெர்மிஸ் என்ற ஒரு சொல்தான் அவனுக்குத் தெரியாமல் இருந்தது, அதை நாங்கள் கொடுத்தோம். படத்தைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குக் கை நடுங்கிற்று. என் அப்பாவும் அங்கேதான் நின்றார் என்று அன்றைக்கும் நான் வாய் திறந்து சொல்லவில்லை.

இத்தோடு முடியவில்லை. பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். வேகவைத்தால் கொல்லாஜன் குலைந்து ஜெலட்டினாகக் கரையும். ஆட்டுக்கால் பாயாவை ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் மூடியைத் திறந்தால் கட்டியாக உறைந்து ஆடுகிறதே, அது எலும்பு மூட்டிலும் தசைநாணிலும் தோலிலும் இருந்த கொல்லாஜன். பாலூட்டிகளின் உடம்பில் உள்ள புரதத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதுதான். அதை அழுகாமல், கரையாமல் நிறுத்த வேண்டும். நம் முன்னோர் கையில் எடுத்தது பட்டையை. ஆவாரம் பட்டை, கொன்றைப் பட்டை, கடைசியில் கடுக்காய்.

கடுக்காயை ஒரு துணுக்குக் கடித்தால் வாய் சுருங்கி நாக்கு தோலாகிவிட்டதுபோல இருக்கும். உவமைக்குச் சொல்லவில்லை, கிட்டத்தட்ட அதுவே நடக்கிறது. கடுக்காயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்கிறது, வழவழப்புப் போய்விடுகிறது. பட்டைத் தண்ணீரில் ஊறும் தோலில் அதே டானின் கொல்லாஜன் இழைகளை ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. நுண்ணுயிர் அதைத் தின்ன முடியாது, தண்ணீர் அதைக் குலைக்க முடியாது. மரம் ஏன் பட்டையில் டானினைச் சேர்த்து வைத்தது? தன்னைத் தின்ன வரும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராக. பட்டை என்பது மரத்தைப் பருக்கவைக்கும் கேம்பியம் என்ற அடுக்குக்கு வெளியே இருக்கும் அத்தனையும்: உணவு கடத்தும் புளோயம், அதற்கும் வெளியே கார்க். அதனால்தான் மரத்தைச் சுற்றிவர முழு வளையமாகப் பட்டையை உரித்தால் வேருக்குச் சோறு போகாமல் மரம் சாகிறது. இத்தாலிய அறிவியலாளர் மால்பிஜி 17ஆம் நூற்றாண்டிலேயே இப்படி வளையம் வெட்டி, வெட்டுக்கு மேலே தண்டு வீங்குவதைப் பார்த்தார்.

ஒரு தாவரத் திசு தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்த பொருளைக் கொண்டு ஒரு விலங்குத் திசுவைக் காப்பாற்றினார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் அதன்மேல் எழுந்த ஊர்கள். புத்தகத்தில் தாவரத் திசு ஒரு பக்கம், விலங்குத் திசு இன்னொரு பக்கம், நடுவே ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டும் கைகோத்துக்கொண்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் இரண்டையும் தனித்தனி அட்டவணையாக நடத்துகிறோம்.

பிறகு குரோமிய உப்பு வந்தது, வாரக்கணக்கில் பிடித்த வேலை ஒரு நாளில் முடிந்தது, பாலாறு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதி, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது நம் ஊர்க் கழிவுநீரை வைத்துத்தான். அதையும் மறைக்க வேண்டாம். பிள்ளைகளைக் கூடத்துக்கு அழைத்துப் போங்கள் என்று நான் சொல்லவும் இல்லை. குழியில் இறங்கி விஷவாயுவில் செத்தவர்கள் உண்டு. அது பிள்ளைகள் போகிற இடம் இல்லை. பழைய செருப்புப் போதும். ஓரத்தைப் புது பிளேடால் வெட்டிக் கைலென்ஸில் பாருங்கள். மேலே மெல்லியதாக நெருங்கிய அடுக்கு, கீழே போகப்போகத் தளர்ந்த நார்ப்பின்னல் தெரியும். மேல்பரப்பில் மயிர்க்கால் துளைகள் ஆட்டுத்தோலில் வரிசை வரிசையாகவும் மாட்டுத்தோலில் பரவலாகவும் இருக்கும். ரெக்சினை வெட்டினால் அடியில் நெய்த துணி பல்லைக் காட்டும். கடைக்காரர் ஏமாற்ற முடியாத ஒரு தலைமுறையாவது உருவாகட்டும்.

விலங்குத் திசு என்றாலே பிள்ளைகள் எதையாவது அறுக்க வேண்டியதில்லை. கறிக்கடையில் எறிகிற கோழிக்கால் ஒன்று போதும். வெட்டுவாயில் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருப்பதைச் சிறு இடுக்கியால் பிடித்து இழுத்தால் நகங்கள் மடங்கும். விட்டால் விரியும். சைவ வீட்டுப் பிள்ளையைத் தொடச் சொல்ல வேண்டாம். தன் முன்கையைப் பிடித்துக்கொண்டு விரலை ஆட்டிப் பார்த்தால் போதும், விரலை ஆட்டும் தசை முழங்கைப் பக்கம் நெளிவது தெரியும். விரலை மடக்கும் தசை ஒன்றுகூட விரலுக்குள் இல்லை. நாண்தான் வருகிறது.

இதைச் சொல்லிவிட்டால் காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனைக்கு வர வேண்டும். கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். கிருமி கெடுப்பது நரம்பை. நரம்பு என்றால் இங்கே உண்மையான நரம்புத் திசு. முழங்கையைச் சுற்றிப் போகும் அல்நார் நரம்பு கெட்டால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் செயலிழக்கும், விரல்கள் பருந்துக் கால்போல வளைந்து நிற்கும். முன்கைத் தசையோ நன்றாக இருக்கும். அந்த நல்ல தசையின் நாணைப் பெயர்த்து வேறு வழியாகக் கொண்டுவந்து விரலில் தைத்தார். செத்த தசையின் வேலையை உயிருள்ள தசை கற்றுக்கொண்டது. விரல்கள் குறைந்துபோவது சதை தானாக அழுகுவதால் இல்லை, வலி தெரியாததால் படும் தீப்புண்ணாலும் காயத்தாலும்தான் என்று அவர் எடுத்துக்காட்டியதும் இங்கேதான். கரிகிரி மருத்துவமனை 1955இல் தொடங்கியது. நரம்புத் திசு, தசைத் திசு, இணைப்புத் திசு, மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் அந்த ஒரு கை போதாதா? காட்பாடிப் பிள்ளை அந்த மருத்துவமனைப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் பள்ளிக்குப் பஸ்ஸில் வருகிறது.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் ஆசிரியர்கள் அறையில் உட்கார்ந்து அவர்கள் புலம்பலைக் கேட்டவள்தான். பாடம் முடிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், இணையத்தில் விவரம் ஏற்ற வேண்டும், நடுவில் பயிற்சி வகுப்பு, தேர்தல் வேலை. ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள், வேலை செய்கிற நுண்ணோக்கி இரண்டு. வருடத்தின் எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தச் சொல்லவில்லை. இந்த ஒரு பாடத்துக்கு இரண்டு பீரியடு மட்டும் அந்த அறையைத் திறங்கள். ஒரு துளசித் தண்டு, ஒரு செருப்புத் துண்டு, ஒரு சீதாப்பழமோ கொய்யாவோ. பார்க்க வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அதுவரை பழத்தைக் கடித்துக்கொண்டிருக்கட்டும், சத்தம் குறையும்.

வினாத்தாள் எழுதுகிறவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. விடைக்குறிப்பில் எடுத்துக்காட்டு கேட்கும் இடங்களில், "அல்லது பொருத்தமான வேறு எடுத்துக்காட்டு" என்று நான்கு சொல் சேருங்கள். திருத்துகிறவருக்குச் சந்தேகம் வந்தால் விசாரித்துவிட்டு மதிப்பெண் போடட்டும். ஐந்து வேறுபாடு எழுதும் கேள்வியில் ஒன்றைக் குறைத்து, பீடி இலையில் நரம்பை ஒதுக்கி வெட்டுவது ஏன், ஊறவைத்த தோலில் மயிர் கழல்வதும் நடு அடுக்கு நிற்பதும் ஏன் என்று ஒன்று கேளுங்கள். அன்றைக்கு எந்தக் கைடும் உதவாது. யார் வீட்டுப் பிள்ளை முதலில் எழுதி முடிக்கிறது என்று பாருங்கள்.

கொடுக்க என்னிடம் அதிகம் இல்லை. ஒரு பிஸ்கட் டின்னில் நானே தயாரித்த நிரந்தர ஸ்லைடுகள் 40 இருக்கின்றன. துளசி, பூசணி, மக்காச்சோளத் தண்டு, ஆவாரம் பட்டை, ஆட்டுத்தோல் ஆகியவை தெளிவாக இருக்கின்றன. மற்றவற்றில் பிசின் மஞ்சளடித்துவிட்டது. மூன்று மாவட்டத்தில் எந்தப் பள்ளி அழைத்தாலும் பஸ் பிடித்து வந்து சீவிக் காட்டுகிறேன். பயணப்படி வேண்டாம். பிளேடு மட்டும் புதிதாக இருக்கட்டும், சவரம் செய்ததைக் கொடுத்துவிடாதீர்கள். காலை முதல் இரண்டு பீரியடுக்குள் என்றால் நல்லது. பத்தரை மணிக்குமேல் கை கொஞ்சம் நடுங்குகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்,
குடியாத்தம்.